காவலருக்கு விதி வந்தது, வகுப்பறைக்கு?

2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் பாடம் கேட்கப் போனார். மதுரையிலிருந்து கிளம்பிச் சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் தொடுத்த வழக்கு அது. இருவரும் ஒருவரையொருவர் நேசித்தவர்கள். மகளைக் காணவில்லை என்று இரு வீட்டாரும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார்கள். போலீஸ் தொல்லையிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பது பெண்களின் கோரிக்கை. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசனைக்கு அனுப்பினார். இந்த விஷயத்தில் தன்னிடமும் முன்முடிவுகள் இருக்கின்றன என்று நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டு, பிறகு தானும் ஒரு உளவியலாளர் முன் உட்கார்ந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே, ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார்.

நீதிபதியின் நேர்மையைப் பலரும் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு கேள்வி அப்போது அதிகம் எழவில்லை. பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ கிடைத்திருக்க வேண்டிய அறிவைத் தேடி, உயர் நீதிமன்ற நீதிபதி ஏன் நேரம் ஒதுக்கிப் போக வேண்டியிருந்தது?

அந்த உத்தரவு காவல் துறை, சிறைத் துறை, நீதித் துறை, மருத்துவத் துறை என்று ஒவ்வொரு துறைக்கும் வேலை கொடுத்தது. பள்ளி கல்லூரிகளுக்கும் கொடுத்தது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில், ஒருபாலீர்ப்பாளர், திருநர், ஊடுபாலினர் உள்ளிட்ட பால்புதுமையினர் குறித்துப் பெற்றோரிடம் பேச வேண்டும். பள்ளியின் விதிமுறைகளில் இந்த மாணவர்களுக்கும் இடம் வேண்டும். ஆண், பெண் என்ற இரண்டு கதவுகளில் எதற்குள்ளும் நிம்மதியாக நுழைய முடியாதவர்களுக்குப் பொதுவான கழிப்பறை வேண்டும். சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற வழி வேண்டும். முறையிட்டால் காதுகொடுத்துக் கேட்க ஆலோசகர் வேண்டும்.

மற்ற துறைகளில் காரியம் ஓரளவு நடந்தது. தமிழ்நாடு சார்நிலைக் காவலர் நடத்தை விதிகளில் 2022-இல் புதிதாக 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையும் அவர்களுக்காக உழைப்பவர்களையும் காவலர் யாரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. அதே ஆண்டு ஆகஸ்டில், இவர்களை மரியாதையாகக் குறிப்பிடுவதற்கான கலைச்சொல் பட்டியலைத் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. ஒருவரின் ஈர்ப்பை 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று மருத்துவர் சிகிச்சை கொடுத்தால் அது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொன்னது. அதே ஆணையம் 2024 ஆகஸ்ட் கடைசியில், பெண்களுக்கிடையிலான உறவை இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் மீண்டும் சேர்த்துப் பாடத்திட்டம் வெளியிட்டதும், எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றதும் தனிக் கதை. இருந்தாலும் அங்கே ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, அதைப் பற்றிச் சண்டை போட முடிகிறது.

பள்ளிக்கூடத்தில் சண்டை போடக்கூட ஒரு பக்கம் இல்லை. வந்த ஒன்றும் சில நாட்கள்தான் தாக்குப்பிடித்தது. திருநர் குழந்தைகளைப் பள்ளிக் கல்வியில் உள்ளடக்குவது குறித்து ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை, உயர் நீதிமன்ற உத்தரவு வந்த அதே 2021-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி. தயாரித்து இணையதளத்தில் ஏற்றியது. மாணவருக்கான புத்தகம் அன்று அது. ஆசிரியர் படித்துத் தெரிந்துகொள்ளத்தான். பொதுக் கழிப்பறை, சீருடை, பிள்ளைகளை ஆண் வரிசை பெண் வரிசை என்று எதற்கெடுத்தாலும் பிரிக்கும் வழக்கம் ஆகியவற்றைப் பற்றி அது பேசியது. புகார் வந்தது. வீட்டில் ஒரு மாதிரியும் பள்ளியில் வேறு மாதிரியும் கேட்டால் குழந்தைகள் மனரீதியாகப் பாதிக்கப்படுவார்கள் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நவம்பர் தொடக்கத்தில் கடிதம் எழுதியது. கையேட்டை எழுதிய குழுவினரின் பின்னணியைச் சரிபார்க்கவும் சொன்னது. கையேடு இணையதளத்திலிருந்து மறைந்தது. அழுத்தம் கொடுத்து அதைத் திரும்பப் பெற வைத்துவிட்டார்கள் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷே பின்னர் ஓர் உத்தரவில் ஆதங்கப்பட்டார். 2023 ஜனவரியில் என்.சி.இ.ஆர்.டி. வேறொரு வரைவோடு வந்தது. அதுவும் திருநர் குழந்தைகளைப் பற்றியது மட்டுமே.

குழந்தைகள் மனரீதியாகப் பாதிக்கப்படுவார்கள் என்ற ஆணையத்தின் கவலையைத் தமிழ்நாட்டு எண்களோடு வைத்துப் பார்க்கலாம். யுனெஸ்கோவின் புதுதில்லி அலுவலகம், சென்னையில் நீண்ட காலமாக இயங்கும் 'சகோதரன்' அமைப்போடு சேர்ந்து சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு நடத்தியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த 371 பால்புதுமை இளைஞர்களிடம் பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதை பட்டதாக 60 சதவீதம் பேர் சொன்னார்கள். தொடக்கப் பள்ளியில் படிக்கும்போதே பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக 43 சதவீதம் பேர் சொன்னார்கள். பள்ளி நிர்வாகத்திடம் போய்ச் சொன்னவர்கள் 18 சதவீதம்தான். அப்படிச் சொன்னவர்களில் கணிசமானவர்களுக்குக் கிடைத்த பதில், நடையையும் பேச்சையும் மாற்றிக்கொள் என்பது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படிப்பையே விட்டார்.

43 என்ற அந்த எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். தொடக்கப் பள்ளி என்றால் ஐந்து வயது முதல் பத்து வயது வரை. தன் ஈர்ப்பு என்னவென்று தெரியாத வயது, பாலியல் கல்வி எதுவும் எட்டிப் பார்க்காத வயது. 'பிஞ்சு மனதில் நஞ்சைப் புகட்டாதீர்கள்' என்று பெரியவர்கள் காவல் நிற்பதும் அந்த வயதுக்குத்தான். பெண்பிள்ளை மாதிரி நடக்கிறான் என்று ஒரு சிறுவனை வகுப்பு முழுவதும் அடையாளம் கண்டுகொள்வதற்குப் பாடப்புத்தகம் தேவைப்படுவதில்லை. 'ஒம்போது' என்ற பட்டம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனால் அது தெரியாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பையன் தமிழ்நாட்டில் அரிது. பள்ளிகளில் இந்தக் கல்வி ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. இடைவேளையில், கழிப்பறையில், பேருந்தின் பின்படிக்கட்டில் நடக்கிறது. பாடம் எடுப்பவர்கள்தான் ஆசிரியர்கள் இல்லை.

இதில் கழிப்பறையைச் சிரிப்புக்குரிய விஷயமாக்கிப் பேசும் பழக்கம் தொலைக்காட்சி விவாதங்களில் உண்டு. கழிப்பறையிலிருந்து ஒரு தேசத்தின் சட்டமே பிறந்த கதையை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

தைவானின் தெற்குக் கோடியில் பிங்டுங் என்ற மாவட்டம். 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் 20, அங்கே ஒரு கிராமப்புறப் பள்ளியில் இசை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. மணியடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஒரு மாணவன் எழுந்து, கழிப்பறைக்குப் போகிறேன் என்று அனுமதி கேட்டுப் போனான். திரும்பவில்லை. ரத்தத்தில் கிடந்தவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் இறந்துவிட்டான். மென்மையாகப் பேசுபவன், மென்மையாக நடப்பவன். நீ ஆண்தானா என்று சக மாணவர்கள் அவன் கால்சட்டையை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் இடைவேளையில், எல்லோரும் போகும் நேரத்தில், அவன் கழிப்பறைப் பக்கமே போவதில்லை. மணிக்கு முன்னால் போவான், அல்லது ஆசிரியர்களின் கழிப்பறைக்குப் போவான். தாய் பள்ளியிடம் முறையிட்டிருந்தார். தரை நீர்க்கசிவால் வழுக்கலாகக் கிடந்தது என்பதற்காகப் பள்ளிப் பொறுப்பாளர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தண்டனை கிடைத்தது. ஆனால் வழுக்கிய தரை மட்டும் காரணமில்லை என்று தைவான் சமூகம் அப்போதே புரிந்துகொண்டது. அந்த நேரத்தில் அவன் ஏன் தனியாகப் போக வேண்டியிருந்தது என்பதுதான் அங்கே கேள்வியானது.

அந்த நாட்டில் அப்போது ஒரு கல்வி மசோதா தயாராகிக்கொண்டிருந்தது. ஆண், பெண் என்ற இரு பாலரின் சமத்துவத்துக்கான மசோதாதான் அது. இந்த மரணத்துக்குப் பின் அதன் பெயரும் பரப்பும் விரிந்தன. 2004-இல் பாலினச் சமத்துவக் கல்விச் சட்டமாக அது நிறைவேறியது. பாலினத் தோற்றம், பாலின அடையாளம், பாலியல் ஈர்ப்பு எதன் பெயராலும் மாணவரைப் பாகுபடுத்தக் கூடாது. ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென்று ஒரு குழு இருக்க வேண்டும். தொடக்க, நடுநிலை வகுப்புகளில் பருவத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் இந்தப் பாடமோ நடவடிக்கையோ நடக்க வேண்டும்.

பருவத்துக்கு நான்கு மணி நேரம். நம் ஊர்ப் பள்ளி விளையாட்டு விழா ஒத்திகைக்கு இதைவிட அதிக நேரம் போகும்.

தைவானிலும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 2018 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. பள்ளிகளில் ஒருபாலீர்ப்பு பற்றிய கல்வி வேண்டாம் என்ற பக்கத்துக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. மூன்றில் இரண்டு பங்கு. அடுத்த ஆண்டு அரசு துணைவிதியின் சொற்களை மாற்றி எழுதியது, ஆனால் ஈர்ப்பு, அடையாளம் இரண்டையும் மதிக்கக் கற்றுத்தர வேண்டும் என்ற கடமையைக் கைவிடவில்லை. 2004-இன் சட்டம் இன்றும் நிற்கிறது. பெற்றோரின் எதிர்ப்பு தைவானிலும் நிஜம் என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் எல்லோரும் முற்போக்கு, நம் ஊரில் மட்டும்தான் சிக்கல் என்று நினைப்பது சோம்பேறித்தனமான நினைப்பு.

இந்தியாவில் பால்புதுமையினர் வரைக்கும் போக வேண்டாம். பாலியல் கல்வி என்ற சொல்லே சபையில் அமராத சொல். எய்ட்ஸ் தடுப்பை முன்னிட்டு 2005-இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் என்று மாநிலம் மாநிலமாகத் தடை போட்டார்கள். 2009-இல், எம். வெங்கைய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே பரிந்துரைத்தது. 2020-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி நலத் திட்டம் என்று மென்மையான பெயரில் அது திரும்பி வந்திருக்கிறது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், 11 தலைப்புகள்.

இதெல்லாம் டெல்லியில். வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பது படித்த எல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வரும். பூவின் பாகங்களைக் கரும்பலகையில் ஆசிரியர் அழகாக வரைவார். மகரந்தத்தூள், சூல்முடி, சூல்பை எல்லாம் விளக்கமாக நடக்கும். விலங்குகள் பகுதி தொடங்கியதும் பின்பெஞ்சில் ஒரு கனைப்பு. 'இது ஈசிதான், வீட்ல படிச்சுக்கோங்க. படம் மட்டும் பாகம் குறிச்சுப் பழகிக்கோங்க' என்று புத்தகம் மூடப்படும். எட்டாம் வகுப்பில் மாணவிகளை மட்டும் தனியே கூப்பிட்டு நாப்கின் பற்றி ஒரு வகுப்பு நடக்கும். அந்த நேரத்தில் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மாதவிடாய் என்றால் என்னவென்று அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. தன்னைப் பெண்ணாக உணரும் பிள்ளை அந்த நேரத்தில் மைதானத்தில் என்ன செய்வாள் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

எனவே முதலில் பொதுவான பாலியல் கல்வி வரட்டும், அப்புறம் பால்புதுமையினரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாதம் வைக்கப்படுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தனி அத்தியாயம் எழுதி ஒட்டுகிற வேலை இல்லை என்பதால் அந்த வாதம் நிற்காது. ஏற்கெனவே சொல்லப்படும் வாக்கியங்களைச் சரியாகச் சொல்வதுதான் பெரும்பகுதி வேலை. பருவ வயது பற்றிப் பேச வரும் எவரும் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: இந்த வயதில் எதிர்பாலினர் மீது ஈர்ப்பு வரும், அது இயல்பு. இதைக் கேட்டு வகுப்பில் பெரும்பாலோர் நிம்மதி அடைவார்கள். யாரோ ஒரு மாணவி மட்டும், அப்படியென்றால் நான் இயல்பில்லை என்று முடிவு கட்டிக்கொள்வாள். பலருக்கு எதிர்பாலினர் மீது வரும், சிலருக்குத் தன் பாலினர் மீது வரும், சிலருக்கு இருவர் மீதும் வரும், சிலருக்கு வராமலும் இருக்கும், எல்லாமே இயல்புதான் என்று சொல்ல இன்னும் பத்து விநாடி ஆகும். கூடுதல் பாடவேளை கேட்கவில்லை, கூடுதல் ஆசிரியர் கேட்கவில்லை.

பாடநூலே சில இடங்களில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் மாணவருக்கு எக்ஸ் எக்ஸ், எக்ஸ் ஒய் தவிர எக்ஸ் எக்ஸ் ஒய் என்றும், ஒரே ஒரு எக்ஸ் மட்டும் என்றும் குரோமோசோம் அமைப்புகள் உண்டு என்பது தெரியும். கிளைன்ஃபெல்டர், டர்னர் என்ற பெயர்களைக் குறைபாடுகளின் பட்டியலில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார். அப்படிப் பிறந்த ஒருவர் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம் என்று அவருக்குச் சொல்வதில்லை. ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடலோடு பிறக்கும் ஊடுபால் குழந்தைகளின் உடலை, உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, ஆண் அல்லது பெண் என்று அறுத்துச் சரிசெய்யக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-இல் தீர்ப்பளித்ததும், அதே ஆண்டு தமிழ்நாடு அரசு அரசாணை போட்டு நாட்டிலேயே முதலாவதாக அதைத் தடை செய்ததும் எந்த உயிரியல் வகுப்பிலும் பேசப்படுவதில்லை. நம் மாநிலத்தின் சாதனை நம் பிள்ளைகளுக்கே தெரியாது.

பாதுகாப்பு என்ற பக்கத்திலிருந்து பார்த்தால் அவசரம் இன்னும் கூடுகிறது. போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. 18 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் அது காவல். 1098, 14417 என்ற உதவி எண்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகமானவை. 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டியும் பள்ளிகளில் இருக்கிறது. ஆனால் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லித்தரும் படங்களில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஒரு சிறுமிதான். பெண் சாயல் கொண்ட சிறுவன் தனக்கு நடந்ததை அந்தப் பெட்டியில் எழுதிப்போட வேண்டுமென்றால், முதலில் அது குற்றம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அடுத்து, எழுதினால் 'நீ அப்படி நடந்தால் இப்படித்தான் நடக்கும்' என்ற பதில் வராது என்ற நம்பிக்கை வேண்டும். 18 சதவீதம் என்ற எண், அந்த நம்பிக்கை எந்த அளவில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

நம் அரசு ஆவணங்களில் இன்னொரு விசித்திரமும் உண்டு. திருநர் பற்றிப் பேசுவதில் தமிழ்நாடு முன்னோடி. 2008-இலேயே நல வாரியம் அமைத்தது. 2025 ஜூலையில் மாநிலத் திருநர் கொள்கை வெளிவந்தது. திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானார். இவை சாதாரணமானவை இல்லை. ஆனால் பெண்ணை நேசிக்கும் பள்ளி மாணவியைப் பற்றி, ஆணை நேசிக்கும் மாணவனைப் பற்றி எந்தக் காகிதமும் பேசுவதில்லை. நீதிமன்றத்தின் கதவைத் தட்டி இத்தனையையும் தொடங்கிவைத்தவர்களோ ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்கள்! பள்ளியில் இப்படிப்பட்ட மாணவிகளுக்குத் தெரிந்த நடைமுறை ஒன்றுதான். நோட்டுக்குள் வைத்த கடிதம் பிடிபடும். தலைமையாசிரியர் அறைக்கு இரண்டு வீட்டாரும் வரவழைக்கப்படுவார்கள். 'மத்த பிள்ளைங்களும் கெட்டுப்போயிரும்மா, டி.சி.யை வாங்கிக்கிட்டுப் போயிருங்க' என்று முடிப்பார்கள். அடுத்த பள்ளியோ, அவசரக் கல்யாணமோ, அதைவிட மோசமானதோ அந்தப் பிள்ளைகளின் பாடு. வயது வந்தவர்களுக்கிடையே சம்மதத்தோடு நடப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்த செய்தி தலைமையாசிரியர் அறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெற்றோரின் அச்சத்தை ஏளனம் செய்வதில் பயனில்லை. சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அப்படி ஆகிவிடும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். இதைச் சோதித்துப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் தாட்சர் அரசு 1988-இல் உள்ளாட்சிச் சட்டத்தில் 28-ஆம் பிரிவைச் சேர்த்தது. உள்ளாட்சி அமைப்புகள் ஒருபாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்றது அது. அந்தப் பிரிவின் கீழ் ஒரு ஆசிரியர்கூடத் தண்டிக்கப்பட்டதில்லை. தண்டிக்கத் தேவையே ஏற்படவில்லை. ஆசிரியர்கள் தாமாகவே வாயை மூடிக்கொண்டார்கள். வகுப்பில் ஒரு மாணவனை ஒருபாலீர்ப்புள்ளவன் என்று சொல்லி அடித்தால்கூடத் தலையிடத் தயங்கினார்கள், தலையிட்டால் ஊக்குவிப்பதாக ஆகிவிடுமோ என்று. ஸ்காட்லாந்தில் 2000-இலும், இங்கிலாந்து, வேல்ஸில் 2003-இலும் அந்தப் பிரிவு ஒழிந்தது. இங்கிலாந்தில் 15 ஆண்டு மௌனம் ஒருபாலீர்ப்பு கொண்டவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. பள்ளியில் யாரிடமும் எதுவும் கேட்க முடியாமல் வளர்ந்த ஒரு தலைமுறையை உண்டாக்கியது. 2009-இல் கன்சர்வேடிவ் கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரூன், தன் கட்சி செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். ஸ்காட்லாந்து 2018-இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் பால்புதுமையினரை உள்ளடக்கிய கல்விக்கு ஒப்புதல் கொடுத்தது. முப்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து, 218 கட்டுரைகளை எடுத்துப் பார்த்து 2021-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீடும், இத்தகைய கல்வி உள்ள இடங்களில் கேலியும் கொடுமையும் குறைவதாகவே சொல்கிறது.

ஆனால் பெற்றோரைத் தாண்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே பிரிட்டனில் பாடம் உண்டு. 2019-இல் பர்மிங்காம் நகரின் பார்க்ஃபீல்ட் தொடக்கப் பள்ளி வாசலில், பெரும்பாலும் முஸ்லிம் பெற்றோர், வாரக்கணக்கில் பதாகை பிடித்து நின்றார்கள். வித்தியாசமான குடும்பங்கள் உண்டு என்று கதைப்புத்தகங்கள் வழியாகச் சொல்லும் வகுப்பு அது. பள்ளி அதை நிறுத்திவைத்து, பெற்றோரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி, திருத்தி, மீண்டும் தொடங்கியது. முதலிலேயே பேசியிருந்தால் வாசலில் கூட்டம் கூடியிருக்குமா என்பது ஊகம்தான். ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் பள்ளிகளுக்குச் சொன்னவற்றில் பெற்றோர் கூட்டமும் ஒன்று என்பதை இங்கே நினைவுகூரலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-க்குப் பின் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் உயிர்பெற்றிருக்கின்றன. பெரும்பான்மை உறுப்பினர்கள் பெற்றோர், அதிலும் தாய்மார்கள். சத்துணவு, சுற்றுச்சுவர், இடைநின்ற பிள்ளையை வீடு தேடிப் போய் அழைத்துவருவது என்று ஊர்க் காரியம்போல் பேசுகிறார்கள். பிள்ளை ஏன் இடைநின்றான் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் இந்தப் பேச்சு அங்கே அந்நியமாகத் தெரியாது. 'ஒரு பையனைப் பொட்டைன்னு கூப்பிட்டே விரட்டிட்டாங்க' என்பது எந்தத் தாய்க்கும் புரிகிற மொழி.

மிச்சம் இருப்பது ஆசிரியர். பாடம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் அதைச் சொல்லும் வாய் அவருடையது. அவருக்கும் இது யாரும் சொல்லித்தந்ததில்லை. வகுப்பில் சிரிப்பு எழுந்தால் எப்படிச் சமாளிப்பது, மாணவி தனியே வந்து ஒன்றைச் சொன்னால் அதைப் பெற்றோரிடம் சொல்லலாமா கூடாதா என்று எந்தப் பயிற்சியிலும் அவர் கேட்டதில்லை. திருநங்கை ஆசிரியர் ஒருவரை இரண்டு மாநிலங்களில் இரண்டு தனியார் பள்ளிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கியது. சம வாய்ப்புக் கொள்கையை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் அமைத்தது. திருநர் ஒருவர் ஆசிரியராக நிற்கவே பள்ளி இடம் கொடுக்காதபோது, அவரைப் பற்றிய பாடத்துக்கு எப்படி இடம் கொடுக்கும்?

அதே 2025-இல் இன்னும் இரண்டு செய்திகள் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தன. திருநரையும் உள்ளடக்கிய முழுமையான பாலியல் கல்வியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கக் கோரி பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், செப்டம்பரில் மத்திய அரசுக்கும் என்.சி.இ.ஆர்.டி.க்கும் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களுக்கும் நோட்டீஸ் போனது. அடுத்த மாதம், வேறொரு வழக்கில், பாலியல் கல்வியை ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் அதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்று நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள்.

நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது தமிழக அதிகாரிகள் ஒன்றைக் கவனிக்கலாம். பி.எட். படிப்பில் 'பாலினம், பள்ளி, சமூகம்' என்று ஒரு தாள் ஏற்கெனவே இருக்கிறது; 2014-இன் தேசிய ஆசிரியர் கல்விக் குழும நெறிமுறைகள் கொண்டுவந்தது. தேர்வில் பெண் கல்வி, பெண் சிசுக்கொலை, வரதட்சிணை என்று எழுதினால் தேறிவிடலாம். அந்தத் தாளில் ஓர் அலகை மாற்றுவதற்குப் புதிய சட்டம் வேண்டாம், நாடாளுமன்றம் வேண்டாம், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு கூடினால் போதும். அரசிதழில் வந்த கலைச்சொல் பட்டியல் பாடப் பொருளாகத் தயாராக இருக்கிறது. 371 பேரின் வாக்குமூலம் இருக்கிறது. வகுப்பெடுக்க அழைத்தால் வருவதற்கு 'சகோதரன்' போன்ற அமைப்புகள் சென்னையிலேயே இருக்கின்றன. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சி முகாம்களில் அரை நாளை ஒதுக்கினால், அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.